கேத்னஸ் தேர்தல் முடிவுகள்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வடகோடியில் இருக்கிறது கேத்னஸ், சதர்லாந்து பகுதி. 1918 முதல் 1997 வரை இரண்டும் சேர்ந்து ஒரே பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தொகுதி. இதன் பழைய முடிவுகளைக் கட்சிப் பெயரை மட்டும் பார்த்துப் படித்தால் கணக்கு தப்பிவிடும்.

1945-ஐ எடுத்துக்கொள்வோம். லிபரல் கட்சித் தலைவரும் போர்க்கால விமானத்துறை அமைச்சருமான ஆர்ச்சிபால்ட் சின்க்ளேர் இங்கே மூன்றாம் இடம். உடனே ‘படுதோல்வி’ என்று எழுதிவிடுகிறார்கள். எண்களைப் பாருங்கள்: யூனியனிஸ்ட் எரிக் காண்டர் டவர் 5,564, தொழிற்கட்சி 5,558, சின்க்ளேர் 5,503. முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் 61 ஓட்டுதான் வித்தியாசம்! தொகுதி யூனியனிஸ்ட் பக்கம் சாய்ந்தது என்பதும் தப்பு. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு காண்டர் டவருக்கு எதிராகத்தான் விழுந்தது. ஜப்பான் வீழ்ந்ததும் பதவி விலகி மறுபடி தேர்தலைச் சந்திப்பேன் என்று சொல்லித்தான் அவர் ஓட்டுக் கேட்டார். விலகவில்லை, 1950 வரை உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் அட்டவணையில் வராது.

‘யூனியனிஸ்ட்’ என்பதைத் தனிக் கட்சியாக எண்ணி, அந்தக் காலத்தில் கன்சர்வேடிவ்களே போட்டியிடவில்லை என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. ஸ்காட்லாந்தில் 1965 வரை கன்சர்வேடிவ் தரப்பின் பெயரே அதுதான். 1950-ல் யூனியனிஸ்டாக வென்ற டேவிட் ராபர்ட்சன் 1959-ல் சுயேச்சை யூனியனிஸ்டாக வென்றது வேறு கதை.

ராபர்ட் மக்லென்னன் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. 1966-ல் 64 ஓட்டு வித்தியாசத்தில் தொழிற்கட்சிக்காக வென்றவர், 1981-ல் சோஷியல் டெமாக்ரடிக் கட்சிக்குப் போனார். 1983-லும் வென்றார், பிறகு, அந்தக் கட்சியும் லிபரல் கட்சியும் இணைந்து உருவான லிபரல் டெமாக்ரட் கட்சியிலும் வென்றார். நிறம் மாறியது, ஆள் மாறவில்லை. 1979-ஐயும் 1983-ஐயும் பக்கத்தில் வைத்து ‘தொழிற்கட்சி சரிவு’ என்று சதவீதம் போடுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

1997-ல் பக்கத்திலுள்ள ஈஸ்டர் ராஸ் பகுதியும் சேர்ந்து தொகுதி பெருத்துவிட்டது. 1992-ஓடு நேரடியாக ஒப்பிட வேண்டாம். 1999 முதல் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் ‘கேத்னஸ், சதர்லாந்து, ஈஸ்டர் ராஸ்’ என்ற இதே பெயரில் ஒரு தொகுதி இருந்ததால், எந்த அவையின் முடிவு என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

2001-ல் சின்க்ளேரின் பேரன் ஜான் தர்ஸோ வென்றதும் ‘தாத்தாவின் தொகுதியை மீட்ட பேரன்’ என்று எழுதத் தோன்றும். மீட்க என்ன இருந்தது? ஓய்வுபெற்ற மக்லென்னனும் தர்ஸோவின் லிபரல் டெமாக்ரட் கட்சிக்காரர்தானே!