வழுக்கையாற்றைப் பார்க்க மார்கழியில் வாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். வலிகாமத்தின் ஊடாக ஏறத்தாழ 16 கிலோமீற்றர் ஓடும் வழுக்கையாற்றை ஊருக்குப் போகும்போது ஒரு காலைப்பொழுதாவது தேடிப் பார்க்கலாம். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வந்திறங்குவோர் அதைத் தேடிப்போனால் மாடு மேயும் காய்ந்த பள்ளத்தையே காண்பர். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொட்டும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாரியில்தான் அது ஆறாகிறது என்பதால், நத்தார் விடுமுறையே இதற்கு உகந்த காலம்.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். பெய்யும் மழையில் பெரும்பங்கு அதன் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியில் தேங்குவதால் நமக்குக் கிணறுகள் வாய்த்தன, ஆறுகள் வாய்க்கவில்லை. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்துத் தாழ்நிலங்களில் மட்டும் மாரி வெள்ளம் குளங்களை நிரப்பி வழிந்து, கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்களைத் தொட்டுத் தென்மேற்கே இறங்கி, அராலியில் யாழ்ப்பாணக் கடனீரேரியைச் சேர்கிறது. காவிரியை மனத்தில் வைத்துக்கொண்டு வருவோர் ஏமாறுவர். பல இடங்களில் இது வரம்புகளுக்கு நடுவே கிடக்கும் அகன்ற வாய்க்கால்தான்.

ஓட்டோ பிடித்துக் கந்தரோடையில் தொடங்குவதே என் பரிந்துரை. அங்குள்ள சிறு பௌத்தத் தூபிகளின் தொகுதி தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ளது. வழிபாட்டிடமாகவும் கொள்ளப்படுவதால் அடக்கமான உடை வேண்டும். உரோம நாணயங்கள்கூடக் கிடைத்த அந்தப் பழைய குடியிருப்பு, நெல் விளையும் பள்ளத்துக்கும் கடனீரேரிக்கும் எட்டும் தூரத்தில் அமைந்ததைத் தற்செயல் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அங்கிருந்து அராலிக்குப் போகும் வழியில் காலபோக நெல் பச்சையாக நிற்கும். வெள்ளம் வரம்பை மூடியிருக்கும்போது ஆழம் தெரியாது, பாம்பும் ஒதுங்கியிருக்கும். ஆகவே பிள்ளைகளை வயலுக்குள் இறங்க விடாதீர்கள். அராலியில் ஆற்றின் வாயை மறித்து நிற்கும் தடுப்பணை, கோடையில் உவர்நீர் வயலுக்கு ஏறாமல் காக்கவும், மாரியில் கதவு திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விடவும் கட்டப்பட்டது. தை, மாசியில் செல்வோர் தொலைநோக்கியை மறக்கக்கூடாது. கல்லுண்டாய்ப் பக்கத்து ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடுவதை, வெயில் ஏறுமுன் போனால், வீதியோரத்தில் நின்றே பார்க்க வாய்ப்புண்டு.