மேட்டு வீட்டுக் கழிவுநீர்: குழியை ஆழமாக வெட்டாதீர்கள்

கோத்தகிரியில் வீடு கட்டியபோது, கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியைப் பத்தடி ஆழம் வெட்டச் சொன்னது நான்தான். ஈரோட்டில் அப்பா வீட்டில் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் கீழ்வீட்டு அக்கா ஏறி வந்து, "உங்க தண்ணி எங்க செவுத்துல வருது, கண்ணு" என்றார். போய்ப் பார்த்தேன். அக்கா வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டிக் கட்டிய தடுப்புச் சுவரின் கல் இடுக்கில் கறுப்பாகக் கசிவு, கூடவே வாடை. எங்கள் குழியின் அடியும் அந்தச் சுவரின் நடுவும் ஒரே மட்டம்.

அதனால் முதல் வேலை, சரிவில் கீழே இறங்கி நடப்பது. யாருடைய சுவர், எந்த ஊற்று, எந்த ஓடை என்று பாருங்கள். குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்கும் உறிஞ்சுகுழிக்கும் குறைந்தது 18 மீட்டர் விடச் சொல்கிறது இந்தியத் தர விதி. ஊற்று நேர் கீழே இருந்தால் எனக்கு அதுவும் போதாது.

அடுத்து மண். முழங்கை ஆழம் ஒரு சின்னக் குழி வெட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். காலையில் மறுபடி ஊற்றி, குச்சியில் கோடு போட்டு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மார்கழிப் பனியில் பார்த்து ஏமாறாதீர்கள், மழைக்காலத்தில் பாருங்கள். எங்களுக்கு ஒரு டம்ளர் காபி குடித்து முடித்தும் கோடு நகரவில்லை.

அதனால் நீரை ஒரே இடத்தில் ஆழமாக இறக்காமல் பரப்பிவிட முடிவு செய்தோம். பழைய குழியை மூடிவிட்டு, செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீருக்கு ஓட்டை போட்ட குழாயை ஆழமில்லாத வாய்க்காலில் படுக்க வைத்தோம். இரண்டடி ஆழம், அடியிலும் மேலிலும் ஜல்லி. தேயிலை வரிசை போகிற மாதிரி சரிவுக்குக் குறுக்கே, மட்டமாகப் போக வேண்டும். சரிவோடு இறக்கினால் எல்லாம் கடைசி முனையில் வந்து நிற்கும். மழை கொட்டும் கூரைத் தண்ணீரை இதில் கலக்கவே கூடாது. அது தனி வழியில் ஓடைக்கு.

டேங்கில் கொத்தனாரிடம் விட்டுக்கொடுக்கக் கூடாதது இரண்டு. ஐந்து பேருக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், உள்ளே நிற்கும் நீர் ஒரு மீட்டர் ஆழம் என்பது அடிப்படை; அதைவிடச் சின்னதாக வேண்டாம். வெளியேறும் குழாயில் டி வடிவ மூட்டு இருந்தால்தான் மேலே மிதக்கும் ஏடு வாய்க்காலுக்குப் போய் அடைக்காது. கட்டியதும் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் கசிவு பார்த்துவிட்டு மூடுங்கள்.

சமையலறை, குளியல் தண்ணீரை நான் டேங்கில் விடுவதில்லை. எண்ணெய் தங்க ஒரு சின்னத் தொட்டி, அதைத் தாண்டிக் கல்வாழைப் பாத்தி. தொட்டியை வாரம் ஒருமுறை வழிக்காவிட்டால் நாற்றம் தாங்காது. கழிப்பறையில் ஆசிட் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். மலைக்குளிரில் டேங்கின் நுண்ணுயிர் ஏற்கெனவே மெதுவாகத்தான் வேலை செய்யும்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அடியில் தங்கும் கசடை எடுக்க லாரி வேண்டும். உள்ளே ஆளை இறக்குவது உயிருக்கு ஆபத்து; பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். எங்கள் சந்தில் லாரி ஏறாது. அதன் குழாய் எட்டுகிற தூரத்தைக் கயிறு போட்டு அளந்த பிறகுதான் டேங்குக்கு இடம் குறித்தோம். கீழ்வீட்டுச் சுவர் அடுத்த மழைக்குக் காய்ந்தே இருந்தது. அக்கா இப்போது என் கல்வாழையில் கிழங்கு கேட்கிறார்.