தரையிறங்கும்போது ‘சரி’ என்றால் போதாது

திருநெல்வேலியில் மளிகைக் கடைக்குப் போன் போட்டு அரை கிலோ உளுந்து கேட்டேன், ஆறு கிலோ வந்து இறங்கியது. கடைக்காரர் "சரிண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார். எதற்குச் சரி என்று நானும் கேட்கவில்லை.

நம்மூர்க்காரர்கள் தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்தில் வந்து இறங்கும் விமானத்தின் பைலட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. தரையிலிருந்து ரேடியோவில் வழிநடத்தும் கண்ட்ரோலர் சொல்லும் உயரம், திசை, ரன்வே எண், இறங்குவதற்கான அனுமதி என எல்லாவற்றையும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ரோஜர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதுதான் முதல் தவறு. சினிமா பார்த்த நமக்கு அது ‘அப்படியே செய்கிறேன்’ போலத் தோன்றும். உண்மையில் ‘நீங்கள் சொன்னது கேட்டது’ என்பதுதான் அதன் பொருள். என்னவென்று கேட்டது என்பது அதில் இல்லை.

என் அரை கிலோ கதை வானத்திலும் நடந்திருக்கிறது. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போன ஒரு சரக்கு விமானத்திடம், 2400 அடிக்கு இறங்கச் சொல்லி ‘டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்றார் கண்ட்ரோலர். அந்த ‘டூ’ இரண்டா, ‘வரைக்கும்’ என்பதா? விமானத்தில் இருந்தவர்கள் 400 அடி வரைக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று திருப்பியும் சொன்னார்கள். கண்ட்ரோலர் திருத்தவில்லை. தரை நெருங்குவதாக ஒலித்த எச்சரிக்கையையும் யாரும் பொருட்படுத்தவில்லை. விமானம் குன்றில் மோதி 4 பேரும் இறந்தார்கள். திருப்பிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லையென்றால் அது வெறும் சடங்குதான்.

ரன்வே எண்ணும் இதே மாதிரி ஏமாற்றும். ஒரே ரன்வேக்கு இரண்டு முனை, இரண்டு எண். வித்தியாசம் எப்போதும் 18. காத்மாண்டுவில் அவை 02, 20 என்று அமைந்துவிட்டன. 2018 மார்ச் 12 அன்று டாக்காவிலிருந்து அங்கே வந்த விமானம் விழுந்து 51 பேர் இறந்தார்கள். எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விமானிகள் தடுமாறியதுதான் முக்கியக் காரணம் என்றாலும், கடைசி நிமிடங்களின் பேச்சில் எந்த முனை என்ற குழப்பமும் இருந்தது.

ஒரே மாதிரி எண்ணுள்ள இரண்டு விமானங்கள் பக்கத்தில் இருந்தால், ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால் ரேடியோவில் விமானத்தைக் கூப்பிடும் அழைப்புப் பெயரை முழுதாகச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் ‘சே அகெய்ன்’ (மறுபடி சொல்லுங்கள்) என்று கேட்டுவிட வேண்டும், கூச்சம் பார்க்கக் கூடாது.

கூச்சம் என்றதும் அவியான்கா 52 என்ற விமானம் ஞாபகம் வருகிறது. பந்தியில் பசியோடு உட்கார்ந்துகொண்டு "போதும், போதும்" என்கிற நமக்கு இது நன்றாகவே புரியும். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் இறங்க வேண்டிய அந்த விமானம் வழியில் வானில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்தது. ‘எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது’, ‘முன்னுரிமை வேண்டும்’ என்றெல்லாம் சொன்னார்களே தவிர, ‘எமர்ஜென்சி’ என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. கண்ட்ரோலர்களுக்கு அவசரம் உறைக்கவும் இல்லை. எரிபொருள் வற்றி விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இப்போது இதற்கென்றே வார்த்தைகள் இருக்கின்றன. இனித் தாமதம் தாங்காது என்றால் ‘மினிமம் ஃப்யூயல்’. கட்டாயக் கையிருப்பிலும் கை வைக்க வேண்டிய நிலை வந்தால் ஆபத்து அழைப்பான ‘மேடே ஃப்யூயல்’, அதுவும் மூன்று முறை ‘மேடே’ சொல்லி.