நார்வே பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

ஒவ்வோர் ஆண்டும் மே 17 அன்று தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாழ்த்துப் படம் சுற்றும். சிவப்புத் துணியில் வெள்ளை விளிம்போடு நீலச் சிலுவை போட்ட கொடி, பாரம்பரிய உடையில் குழந்தைகள், கீழே ‘நார்வே சுதந்திர தின நல்வாழ்த்துகள்’. கொடி சரி, குழந்தைகளும் சரி. தப்பு ‘சுதந்திர தினம்’ என்பதில்தான். மே 17 நார்வேயின் அரசியலமைப்பு நாள். 1814-இல் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஆறே மாதத்துக்குள் நார்வே சுவீடன் மன்னரின் கீழ் போய்விட்டது.

நார்வே பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகள், வினாடி வினா, யூடியூப் உரைகள் எல்லாவற்றிலும் நான் பார்க்கிற பிழைகளில் பாதிக்கு மேல் இதே வகைதான். இன்றைக்கு இருக்கிற பணக்கார, தனித்து நிற்கிற நார்வேயைத் தூக்கிப் பழைய காலத்திலும் அப்படியே வைத்துவிடுவது. மீதிப் பாதி, வரைபடத்தைச் சரியாகப் பார்க்காததால் வருகிறது. (நார்வேயா நோர்வேயா என்று கேட்டால், இரண்டும் சரி. தமிழ்நாட்டில் நார்வே, ஈழத்தில் நோர்வே. அதற்காகச் சண்டை போட வேண்டாம்.)

1814-ஐயும் 1905-ஐயும் குழப்புவது

1380-லிருந்து நார்வேக்கும் டென்மார்க்குக்கும் ஒரே மன்னர். 1536-க்குப் பிறகு நார்வேயின் அரச மன்றமும் கலைந்து, ஆட்சி முழுக்கக் கோபன்ஹேகனிலிருந்து நடந்தது. நெப்போலியன் போர்களில் டென்மார்க் தோற்ற பக்கம் நின்றதால், 1814 ஜனவரி 14 அன்று கீல் உடன்படிக்கையில் நார்வேயைச் சுவீடன் மன்னருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. நார்வேக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் 112 பிரதிநிதிகளை அனுப்பி, ஐட்ஸ்வோல் என்ற ஊரில் ஒரு மாளிகையில் கூடினார்கள். ஐந்தே வாரங்களில் அரசியலமைப்பை எழுதி, கிறிஸ்டியான் ஃபிரடரிக் என்ற டேனிஷ் இளவரசரைத் தங்கள் மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலைக் கடைசியில் சுவீடன் படை உள்ளே வந்தது. சில வாரச் சண்டைக்குப் பின் ஆகஸ்ட் 14-இல் மோஸ் நகரில் ஒப்பந்தம். புது மன்னர் விலகிக்கொண்டார், நவம்பர் 4-இல் சுவீடனோடு கூட்டு உறுதியானது.

ஆனால் சில திருத்தங்களோடு அந்த அரசியலமைப்பு மட்டும் தப்பிவிட்டது. அதைத்தான் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு: ‘1905 வரை நார்வே சுவீடனின் காலனி’ என்று எழுதுவது. காலனி எல்லாம் இல்லை. நார்வேக்குத் தனி நாடாளுமன்றம், தனி அமைச்சரவை, தனி மத்திய வங்கி இருந்தன. மன்னரும் வெளியுறவும்தான் பொது. அந்த வெளியுறவில்தான் சிக்கலும் வந்தது. உலகம் முழுக்கக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த நார்வே தன் வணிகத்தைக் கவனிக்கத் தனித் துணைத் தூதரகங்கள் கேட்டது, மன்னர் மறுத்தார். 1905 ஜூன் 7-இல் நாடாளுமன்றம் கூட்டை முறித்தது. ஆகஸ்டில் நடந்த வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 ஓட்டு, எதிராக வெறும் 184. ஆண்கள் மட்டும் போட்ட ஓட்டு அது. வாக்குரிமை இல்லாத பெண்கள் சும்மா இருக்கவில்லை, 2,40,000-க்கு மேல் கையெழுத்துத் திரட்டிக் கொடுத்தார்கள். 1913-இல் அவர்களுக்கும் முழு வாக்குரிமை வந்தது.

அப்புறம், ‘நார்வேயின் பழம்பெரும் அரச வம்சம்’ என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். அரச பதவி பழையதுதான். ஆனால் இப்போதைய குடும்பம் 1905-இல் டென்மார்க்கிலிருந்து அழைத்து வரப்பட்டது. இளவரசர் கார்ல், ஏழாம் ஹோகோன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அதற்கும் முன்னதாக ஒரு வாக்கெடுப்பு வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார்.

தரங்கம்பாடியிலும் ஒரு நார்வே உண்டு

தரங்கம்பாடிக் கோட்டையை டேனிஷ் கோட்டை என்கிறோம். தப்பில்லை. ஆனால் 1620-இல் அது எழுந்தபோது நான்காம் கிறிஸ்டியான் டென்மார்க்குக்கும் நார்வேக்கும் சேர்த்தே மன்னர். 1780-களின் இறுதியில் அங்கே ஆளுநராக வந்த பீட்டர் ஆங்கர் ஒரு நார்வேக்காரர். தென்னிந்தியாவில் அவர் சேர்த்த ஓவியங்களும் பொருள்களும் இன்றைக்கு ஓஸ்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மேலே சொன்ன ஐட்ஸ்வோல் மாளிகை இருக்கிறதே, அது அவருடைய தம்பி கார்ஸ்டன் ஆங்கரின் வீடு. அண்ணன் நம் கடற்கரையில் ஆளுநர். தம்பி வீட்டுக் கூடத்தில் ஒரு நாட்டின் அரசியலமைப்பு. ‘டேனிஷ்’ என்று மட்டும் எழுதிக் கடந்தால் இந்தக் கதை கண்ணிலேயே படாது.

அதே நான்காம் கிறிஸ்டியான்தான் 1624-இல் ஓஸ்லோ தீயில் எரிந்தபோது, ஊரை அங்கிருந்த ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டைக்கு அருகே தள்ளி அமைத்துத் தன் பெயரைச் சூட்டினார்: கிறிஸ்டியானியா. பழைய பெயர் திரும்பியது 1925-இல். எனவே ‘1905-இல் ஓஸ்லோவில்’ என்று எழுதினால் இடம் சரி, பெயர் தப்பு. ‘ஓஸ்லோ 1925-இல் உருவானது’ என்றால் அது அதைவிடத் தப்பு. ஊருக்கு வயது ஆயிரத்தைத் தொடுகிறது.

நோபல் பரிசுகள் சுவீடனில் தரப்படுகின்றன என்ற வரியையும் இங்கேயே பார்த்துவிடலாம். அமைதிப் பரிசு மட்டும் ஓஸ்லோவில், நார்வே நாடாளுமன்றம் நியமிக்கும் குழுவால் தரப்படுகிறது. ஆல்ஃபிரட் நோபல் 1895-இல் உயில் எழுதியபோது இரண்டு நாடுகளும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. அந்தப் பணியை ஏன் நார்வேயிடம் கொடுத்தார் என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதனால் ‘காரணம் இதுதான்’ என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகளைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

எண்ணெய் வருமுன் பஞ்சப் பரதேசியா?

‘மீன் பிடித்துப் பிழைத்த ஏழை நாடு, 1969-இல் எண்ணெய் கிடைத்தது, ஒரே இரவில் பணக்காரன்.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுக்கு இது ஓரளவு பொருந்தும். 1825-க்குப் பிந்தைய நூறு ஆண்டுகளில் சுமார் 8 லட்சம் பேர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலைமை மாறிவிட்டது. மலையிலிருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தால் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரம் செய்தார்கள். அதற்காக 1905-இல் தொடங்கப்பட்ட நிறுவனம்தான் நோர்ஸ்க் ஹைட்ரோ. 1911-இல் திறந்த வேமோர்க் மின்நிலையம் அப்போது உலகிலேயே பெரியது. இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது நார்வேயின் வணிகக் கப்பல் படை உலகில் நான்காவது.

எண்ணெயை அவர்கள் கையாண்ட விதத்துக்கும் அந்த நீர்வீழ்ச்சிகளில்தான் முன்மாதிரி இருக்கிறது. தனியார் நீர்வீழ்ச்சியில் மின்நிலையம் கட்டலாம், ஆனால் குறிப்பிட்ட காலம் முடிந்ததும் அணையும் இயந்திரமும் காசு வாங்காமல் அரசுக்கு வந்துவிட வேண்டும் என்று 1909-இலேயே சட்டம் போட்டவர்கள் அவர்கள். 1969-இல் வட கடலில் உள்ள எக்கோஃபிஸ்க்கில் எண்ணெய் கிடைத்தபோது ‘இது மக்கள் சொத்து’ என்ற எண்ணம் புதிதாகப் பிறக்க வேண்டியிருக்கவில்லை. விதிகளை வகுத்த சின்னக் குழுவில் ஃபாரூக் அல்-காசிம் என்ற ஈராக்கிய நிலவியலாளரும் இருந்தார். மகனின் சிகிச்சைக்காக 1968-இல் நார்வே வந்தவர் அவர். எண்ணெய் வருமானத்தைச் சேர்த்துவைக்கும் நிதிக்கான சட்டம் வந்தது 1990-இல், அதில் முதல் பணம் போட்டது 1996-இல். எண்ணெய் கிடைத்ததற்கும் உண்டியலில் முதல் காசு விழுந்ததற்கும் நடுவில் 27 ஆண்டுகள். ‘ஒரே இரவு’ கொஞ்சம் நீளம்.

இன்னொன்று: நாட்டுக்குள் எரியும் விளக்குக்கும் எண்ணெய்க்கும் தொடர்பே இல்லை. நார்வேயின் மின்சாரத்தில் சுமார் 90 சதவீதம் இன்றும் நீர்மின்சாரம். எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் ஏற்றுமதிக்கு.

வரைபடம் ஏமாற்றும்

நார்வே ஐரோப்பாவின் மேற்கு ஓரத்து நாடு. சரிதான், ஆனால் அதன் வடகிழக்கு மூலையில் உள்ள வார்டோ, இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே இருக்கிறது. வடக்கே போகப் போக நாடு சுவீடன், பின்லாந்து தலைக்கு மேல் வளைந்து ரஷ்யாவைத் தொடுகிறது. கிர்கெனெஸ் நகரிலிருந்து மேற்கே பின்லாந்துக்குள் போகிறவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். மேற்கே போனால் நேரம் குறையும் என்று பள்ளியில் படித்தது அங்கே தலைகீழ்.

பயணத் திட்டம் போடுகிறவர்கள் தடுக்கி விழுவது தூரத்தில். ‘இரண்டு நாள் ஓஸ்லோ, பிறகு ரயிலில் ட்ரொம்சோ போய் வடதுருவ ஒளி’ என்று எழுதிய திட்டத்தை நானே பார்த்திருக்கிறேன். ட்ரொம்சோவுக்கு ரயிலே கிடையாது. நார்வேயின் ரயில் பாதை வடக்கே போடோவோடு நின்றுவிடுகிறது. இன்னும் வடக்கே நார்விக்கில் ஒரு நிலையம் உண்டு, ஆனால் அது சுவீடனின் இரும்புத் தாது வருவதற்காகப் போட்ட பாதை. சுவீடன் வழியாகத்தான் போக முடியும். ஓஸ்லோவிலிருந்து கிர்கெனெஸுக்குக் காரில் போனாலும் குறுக்கு வழி சுவீடனும் பின்லாந்தும்தான்.

குளிரைப் பற்றியும் இப்படித்தான். வடக்கே போகப் போகக் குளிர் கூடும் என்பது நார்வேயில் எப்போதும் உண்மையல்ல. அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டமும் தென்மேற்குக் காற்றும் சேர்ந்து கடற்கரையைக் காப்பாற்றுகின்றன. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் ட்ரொம்சோவில் ஜனவரிச் சராசரி மைனஸ் 3, 4 டிகிரிதான், துறைமுகம் உறைவதில்லை. கடலை விட்டு உள்ளே போனால் கதை வேறு. கராஷோக்கில் 1886-இல் மைனஸ் 51.4 பதிவானது.

நள்ளிரவுச் சூரியன் நாடு முழுக்கத் தெரியும் என்பதும் தப்பு. ஓஸ்லோ 60 டிகிரிக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஜூனில் இரவு குறுகும், ஆனால் சூரியன் மறையவே செய்யும். ட்ரொம்சோவில் மே 20 வாக்கிலிருந்து இரண்டு மாதம் மறையாது. பதிலுக்கு நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை உதிக்காது. அப்போதும் கும்மிருட்டு என்று எழுத வேண்டாம். நண்பகலில் சில மணி நேரம் நீல நிற அந்தி வெளிச்சம் உண்டு.

‘ஐரோப்பாவின் வடமுனை’ என்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் நூர்காப் பாறைக்கு மேற்கே, க்னிவ்ஷெல்லோடன் என்ற தாழ்ந்த முனை அதைவிட ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் வடக்கே நீள்கிறது. இரண்டும் இருப்பது ஒரு தீவில். நிலப்பரப்பின் உண்மையான முனை கின்னரோடன். அங்கே நடந்துதான் போக வேண்டும், அதனால் கூட்டம் இல்லை.

ஃபியோர்டை ‘ஆற்று முகத்துவாரம்’ என்று மொழிபெயர்ப்பதையும் நிறுத்தலாம். பனியாறுகள் மலையைக் குடைந்த பள்ளத்தில் பின்னர் கடல் புகுந்தது அது. சோங்னஃபியோர்டு 200 கி.மீ.க்கு மேல் நீளம், ஆழம் 1,300 மீட்டர். வேடிக்கை என்னவென்றால் வாய்ப்பகுதியில் ஆழம் அதில் சின்னப் பங்குதான். பனியாறு கடலை நெருங்கும்போது பரவி மெலிந்து, குடையும் வலுவை இழந்த இடம் அது.

சில்லறைப் பிழைகள் சில. வைக்கிங்குகளின் தலைக்கவசத்தில் கொம்பு கிடையாது. 1943-இல் யெர்முண்ட்பூ பண்ணையில் கிடைத்தது சாதாரண உருண்டைக் கவசம். கொம்பு 1876-இல் ஒரு ஜெர்மன் ஓபராவின் உடையலங்காரம் வழியாகப் பரவியது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, 1972-இலும் 1994-இலும் மக்கள் ஓட்டுப் போட்டு மறுத்தார்கள். எனவே செலவுக் கணக்கை யூரோவில் எழுதாதீர்கள், குரோன. பனிக்கரடி ஓஸ்லோ தெருவில் திரியாது, அது ஸ்வால்பார்டில். அந்தத் தீவுக்கூட்டத்துக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம் என்பது பாதி உண்மை. ஸ்வால்பார்டு பற்றிய 1920 ஒப்பந்தத்தில் இந்தியாவும் உண்டு, அங்கே ஹிமாத்ரி என்ற நம் ஆய்வு நிலையமும் உண்டு. ஆனால் விமானம் நார்வே வழியாகத்தான். அதற்கு ஷெங்கன் விசா வேண்டும், திரும்பி வரவும் உள்ளே நுழைய வேண்டும் என்பதால் இரட்டை நுழைவு விசா.

பின்மார்க்கில் பின்லாந்து இல்லை

வடகோடி மாவட்டம் பின்மார்க். பெயரைப் பார்த்துப் பின்லாந்துக்காரர்களின் நிலம் என்று எழுதுகிறார்கள். பழைய நார்ஸ் மொழியில் ‘பின்’ என்று குறித்தது சாமி மக்களை. (தமிழில் எழுதும்போது கும்பிடுகிற சாமியாகிவிடாமல் ‘சாமி மக்கள்’ என்றே போடுங்கள். ‘லாப்’ என்ற பழைய சொல் வேண்டாம், அவர்களுக்கு அது வசைச்சொல்.) அவர்கள் எல்லோரும் கலைமான் மேய்ப்பவர்கள் என்பதும் தப்பு. கடலோரச் சாமிகள் மீனும் சிறு பண்ணையுமாக வாழ்ந்தவர்கள். பள்ளியில் தாய்மொழி பேசத் தடை என்று பல தலைமுறை அனுபவித்த பிறகு, ஆல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து 1979 முதல் 1981 வரை போராடினார்கள். அணையைத் தடுக்க முடியவில்லை. ஆனால் 1989-இல் அவர்களுக்கென ஒரு நாடாளுமன்றம் கராஷோக்கில் திறந்தது.

நார்வேயில் தமிழர் கதையும் பெரிதாக ஓஸ்லோவில் தொடங்கவில்லை. 1980-களில் வந்த ஈழத்தமிழர்களில் நிறையப் பேர் இந்தப் பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்து நின்றவர்கள். தலைநகருக்கு நகர்ந்தது பிறகு.

அந்த ஊர்களுக்குப் போகிறவர்கள் ஒரே மாதிரியான எளிய மரவீடுகளைப் பார்த்துவிட்டு, ‘புதிதாகக் குடியேறிய பகுதி’ என்று குறித்துக்கொள்கிறார்கள். 1944 இலையுதிர்காலத்தில் சோவியத் படை நெருங்கியபோது, பின்வாங்கிய ஜெர்மன் படை மக்களைத் துரத்திவிட்டு வழியிலிருந்த வீடு, படகுத்துறை, தந்திக் கம்பம் எல்லாவற்றையும் எரித்துக்கொண்டே போனது. வீடுகள் போருக்குப் பிந்தியவை, ஊர்கள் அல்ல. ஹம்மர்ஃபெஸ்ட் நகரில் எஞ்சி நின்ற ஒரே கட்டடம் இடுகாட்டில் இருந்த சிறு தேவாலயம்.