கியூபோலா பழக்கத்தோடு இண்டக்‌ஷன் ஃபர்னஸை ஓட்டாதீர்கள்

கோவை வட்டாரத்தில் பம்ப், மோட்டார் பாகங்கள் வார்க்கும் ஃபவுண்டரிகள் பல, கோக் எரிக்கும் கியூபோலாவை விட்டுவிட்டு மின்சார இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்கு வந்துவிட்டன. உலை மாறியது, சார்ஜ் (உருக்கப் போடும் இரும்பு) போடும் கை மாறவில்லை. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் ஈரம். கியூபோலாவில் மேல்வாசல் வழியாகப் போடும் ஸ்க்ராப், கீழிருந்து எழும் அனலில் காய்ந்து, பழுத்து, அதன்பிறகுதான் உருகும் இடத்துக்கு இறங்கும். மழையில் நனைந்த இரும்பைப் போட்டாலும் வழியிலேயே உலர்ந்துவிடும். இண்டக்‌ஷன் ஃபர்னஸில் அந்த வழியே கிடையாது. 1,400 டிகிரியில் தளும்பும் உருகுக்குள் (உருகிய இரும்புக்குள்) ஸ்க்ராப் நேராகப் போய் விழுகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். ஒரு டம்ளர் தண்ணீர் இரும்புக்கு அடியில் சிக்கினால் முன்னூறு லிட்டருக்கு மேல் ஆவி, அதுவும் நொடியில். உலைக்குள் இருப்பதெல்லாம் மேடையில் நிற்பவர் மேல் வந்து விழும். இருபுறமும் அடைபட்ட குழாய், பழைய ஷாக் அப்சார்பர், சிலிண்டர் ஆகியவையும் இதே ரகம்தான். வெட்டித் திறக்காமல் உலைப் பக்கமே கொண்டு வரக்கூடாது. எண்ணெய் சொட்டும் லேத் சுருளை உருகின் மேல் கொட்டினால் தீ எழும்பும்.

அடுத்தது சுண்ணாம்புக்கல். கியூபோலாவில் அது வேண்டும். கோக் சாம்பலையும் மணலையும் நீர்த்த கசடாக்கி வெளியேற்றுவது அதுதான். சிலிகா லைனிங் (சூட்டைத் தாங்கும் உட்சுவர்) போட்ட இண்டக்‌ஷன் ஃபர்னஸில் அதைப் போட்டால் லைனிங்கையே அரிக்கும். இங்கே கசடைக் கரைக்கக் கூடாது, கெட்டிப்படுத்தும் பவுடர் தூவி வாரி எடுக்க வேண்டும். அதைவிட நல்லது, கசடே உண்டாகாமல் பார்ப்பது. ரன்னர், ரைசர் துண்டுகளில் (வார்ப்பிலிருந்து வெட்டியெடுத்த மிச்ச இரும்பில்) ஒட்டிய மணலை உதிர்க்காமல் போட்டால், அந்த மணலை உருக்கவும் சேர்த்துத்தான் கரண்ட் பில் கட்டுகிறீர்கள். ஒரு டன் இரும்பை உருக்கி 1,500 டிகிரிக்கு ஏற்றக் கணக்குப்படி 400 யூனிட்டுக்குள் போதும். நடைமுறையில் 550, 600 யூனிட் என்று போவதற்கு, மூடியைத் திறந்தே வைப்பதும் மோல்டு தயாராகும்வரை உருகைக் காக்க வைப்பதும் முக்கியக் காரணங்கள். காக்க வைப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. 1,500 டிகிரியில் நெடுநேரம் நின்றால் கார்பன் லைனிங்கின் சிலிகாவோடு வினைபுரியும். கார்பன் இறங்கும், சிலிக்கான் ஏறும், வார்ப்பின் கணக்கு தப்பும்.

கார்பன் விஷயத்திலும் பழைய பழக்கம் குறுக்கே நிற்கும். கியூபோலாவில் ஸ்டீல் ஸ்க்ராப் கோக்கிலிருந்து தானே கார்பனை எடுத்துக்கொள்ளும். இங்கே நாம்தான் கொடுக்க வேண்டும், அதையும் சார்ஜின் அடியிலேயே. கடைசியில் கசடின் மேல் தூவினால் பாதி எரிந்து போகும். அதற்காகக் கியூபோலாவைக் குறை சொல்வதற்கில்லை. சாதாரண கிரே அயர்னை விடாமல் உருக்கித் தள்ள அது இன்றும் நல்ல உலை. ஆனால் கோக்கிலிருந்து கந்தகம் ஏறுவதால், அந்த உருகைக் கந்தகம் நீக்காமல் எஸ்.ஜி. அயர்னுக்கு (கார்பன் உருண்டைகளாக அமையும் வார்ப்பிரும்புக்கு) எடுப்பது வீண் வேலை.

இனி ஆளைக் கொல்லும் தவறு. உலையின் வாய்ப்பக்கம் ஸ்க்ராப் ஒன்றோடொன்று சிக்கிப் பாலம்போல் நின்றுவிடும். அடியில் உருகு தனியாகச் சூடேறிக்கொண்டே போகும். மேலே பார்த்தால் கறுத்த இரும்புதான் தெரியும், மெல்ட்டர் (உலையை ஓட்டுபவர்) 'இன்னும் உருகவில்லை' என்று பவரைக் கூட்டுவார். அடியில் லைனிங் கரைந்து, உலையைச் சுற்றியிருக்கும், தண்ணீர் ஓடும் செப்புக் காயிலை உருகு தொட்டால், அந்தத் தண்ணீரும் உருகிய இரும்பும் சேர்ந்து வெடிக்கும். செய்ய வேண்டியது நேர்மாறானது: பவரை நிறுத்தி, மேடையிலிருந்து ஆட்களை விலக்கி, தூரத்திலிருந்தே உலையைச் சாய்த்து, உருகு அந்தப் பாலத்தைத் தொட்டுக் கரைக்கும்படி விடுவது. பெரிய துண்டுகளைக் குறுக்கே போடாமல் சிறிதாக வெட்டிப் போட்டாலே இது பெரும்பாலும் வராது.

'இப்போதெல்லாம் உலை நன்றாக பவர் இழுக்கிறது' என்று மெல்ட்டர் மகிழ்ந்தால் லைனிங்கை அளந்து பாருங்கள். சுவர் தேயத் தேய உருகு காயிலை நெருங்கும், பவர் ஏறும். அந்த நேரத்தில் கிரவுண்ட் லீக் அலாரம் (உருகு காயிலை நெருங்கி மின்சாரம் கசிந்தால் எச்சரிக்கும் கருவி) அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று அதை பைபாஸ் செய்வது, உருகு வெளியே வரும் முன் கிடைக்கும் கடைசி எச்சரிக்கையைத் துண்டிப்பது.

கரண்ட் போனால் கியூபோலாவில் காற்று ஊதும் புளோயர் நிற்கும். இங்கே காயிலுக்குத் தண்ணீர் நின்றால் லைனிங்கில் தேங்கிய சூடே காயிலைக் கெடுத்துவிடும். அதற்காகவே மேல்தொட்டியோ டீசல் பம்போ வைக்கிறார்கள். தொட்டி இருக்கும், தண்ணீர் இருக்காது. வால்வு துருப்பிடித்துத் திறக்காது. உலை காலியாக, ஆறியிருக்கும் நாளில் வழக்கமான பம்பை வேண்டுமென்றே நிறுத்தி, காயிலின் வெளிக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கைவைத்துப் பாருங்கள்.