யார் பெரிய எழுத்தாளர்? வாதத்தில் இறங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1930களின் நடுவில் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஷேக்ஸ்பியரும் தாகூரும் பாரதியின் ஒரு வரிக்கு ஈடாக மாட்டார்கள் என்கிற அளவுக்கு எழுத்தாளர் வ.ரா. பாரதியைத் தூக்கிப் பேச, அது வம்பாக வளர்ந்தது. கல்கி எதிர்ப்பக்கம் நின்றார். பாரதி நல்ல கவி, தேசியகவி, ஆனால் மகாகவி அல்ல என்பது அவர் கட்சி. பாரதி மகாகவிதான் என்று எழுத்தாளர்கள் கு.ப.ரா.வும் சிட்டியும் பதில் எழுதினார்கள். அந்தக் கட்டுரைகள் 1937-இல் ‘கண்ணன் என் கவி’ என்று புத்தகமாகவே வந்தன. இன்றைக்கு நண்பர்கள் கூடி “எல்லாக் காலத்துக்கும் பெரிய எழுத்தாளர் யார்?” என்று மல்லுக்கட்டும்போது நடக்கிற தவறுகளை எல்லாம் அந்தச் சண்டையை வைத்தே பேசிவிடலாம்.

மிகப் பெரிய தவறு, அளவுகோலைச் சொல்லாமலே அளக்கத் தொடங்குவது. மகாகவி என்றால் காவியம் பாடியவரா? எந்த நாட்டுக்கும் பொருந்தப் பாடியவரா? மொழியின் போக்கையே திருப்பியவரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை வரும். பத்தாயிரம் பாட்டுக்கு மேல் ஓடும் காவியம்தான் அளவு என்றால் கம்பனுக்குப் பக்கத்தில் பாரதியை நிறுத்த முடியாது. எளிய பதம், எளிய நடை, பொதுஜனங்கள் விரும்பும் மெட்டு என்று பாஞ்சாலி சபதத்தின் முகவுரையில் பாரதியே ஓர் அளவை வைக்கிறார். அதைக் கொண்டு அளந்தால், என்னைக் கேட்டால், அவருக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. எந்த அளவு என்று இரண்டு பேரும் முதலில் ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிதான் பேசத் தகுந்தது.

அப்புறம், ஒருவரை மூலத்திலும் இன்னொருவரை மொழிபெயர்ப்பிலும் படித்துவிட்டுத் தராசில் வைப்பது. தாகூருக்கு 1913-இல் நோபல் வாங்கித் தந்த ஆங்கில கீதாஞ்சலி, அவரே வங்காளப் பாட்டுகளிலிருந்து உரைநடையாகப் பெயர்த்தது. சந்தமும் இசையும் வங்காளத்திலேயே தங்கிவிட்டன. “காற்று வெளியிடைக் கண்ணம்மா” காதில் ஒலிக்கிற நமக்கு அந்த உரைநடை சப்பென்று தோன்றினால் குற்றம் தாகூருடையதல்ல. நாம் பாதி தாகூரைத்தான் படித்திருக்கிறோம். அதை வாதத்தில் ஒப்புக்கொள்வதில் வெட்கமே இல்லை. டால்ஸ்டாயா, தாஸ்தயேவ்ஸ்கியா என்று பேசும்போதும் இதுவே கதை.

விருதைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். நோபல் பரிசு 1901-இல் தொடங்கியது. டால்ஸ்டாய் 1910 வரை உயிரோடு இருந்தார், அவருக்குக் கொடுக்கவில்லை.

“காலம் தீர்ப்புச் சொல்லும், நல்லது நிலைக்கும்” என்ற வாதத்தையும் நான் ஏற்பதில்லை. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவரும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று நீளமாக அடுக்கினார். பழைய காப்பியங்களான சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் எல்லாம் படித்ததுண்டா என்று முதலியார் கேட்க, இல்லை என்றுதான் பதில் வந்தது. அந்தக் காலத்துப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கே அந்த நிலை! சிந்தாமணி 1887-இலும் சிலப்பதிகாரம் 1892-இலும் சாமிநாதையர் பதிப்பில் அச்சேறின. அந்தக் காலத்தில் தமிழின் பெரும்புலவர்களைப் பட்டியல் போட்டிருந்தால் எத்தனை பேர் இளங்கோவடிகளைப் படித்துவிட்டு எழுதியிருப்பார்கள்? ஏட்டைக் காப்பாற்ற ஆளும் அச்சிடக் காசும் இருந்தால்தான் எழுத்து நிலைக்கிறது. கறையான் தின்ற ஏடுகளில் யார் யார் இருந்தார்களோ, நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அதனால் “எல்லாக் காலத்துக்கும்” என்று சொல்லாமல், “நமக்குக் கிடைத்தவர்களில், நான் படித்தவர்களில்” என்று சொல்வதுதான் நேர்மை.

கடைசியாக ஒன்று. மாற்றுக் கருத்துச் சொன்னவரை அந்த எழுத்தாளரின் எதிரி என்று முத்திரை குத்துவது. பாரதி மகாகவி இல்லை என்று வாதாடிய அதே கல்கிதான் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று, பத்திரிகை மூலம் வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1947-இல் மண்டபம் திறக்கப்பட்டது.