ஆர்வலர்களைக் கொண்டு பெரிய கடல்நீர்த் தொட்டியைப் புதுப்பிப்பது எப்படி?

நான் குழாய்ப் பக்கத்து ஆள். பவளம் வளர்ப்பவர்கள் தொட்டிக்கு முன்னால் நின்று நிறங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பின்னறையில் குனிந்து வால்வுகளோடு மல்லுக்கட்டுபவன். ஆகவே இந்தக் குறிப்புகளில் தண்ணீருக்கும் குழாய்க்கும் இடம் அதிகம். அலங்காரத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பொது இடத்திலுள்ள பெரிய கடல்நீர்த் தொட்டி ஒன்று பாசி படிந்து, முகப்பு மங்கி, சில கிழட்டு மீன்களோடு நிற்கிறது. நிர்வாகத்திடம் பணம் இல்லை. வீட்டில் கடல்மீன் வளர்ப்பவர்கள் சிலர் உதவ முன்வருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். இன்று பலரும் கைக்கொள்ளும் உயிர்ப்பாறை முறையை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறையையே வடிகட்டியாக்குவது) 1961இல் எழுதி வெளியிட்டவர் ஜகார்த்தாவில் தொட்டிகள் வைத்திருந்த லீ சின் எங். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த முறையன்று அது. ஆர்வலர்களின் அறிவை நான் ஒருபோதும் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் வீட்டுத்தொட்டியில் கற்றது பெரிய தொட்டியில் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பிரித்து வேலையைப் பங்கிட ஒருவர் வேண்டும். அவர் ஒருவராகவே இருக்க வேண்டும், குழு அல்ல.

முதலில் அளவுநாடா

மீனைப் பற்றியும் பாறையைப் பற்றியும் பேச்சு எடுப்பதற்கு முன் தொட்டியை அளந்துவிடுங்கள். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 45 கனமீட்டர், அதாவது 45,000 லிட்டர். கடல்நீர் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 1,025 கிலோ இருக்கும் என்பதால் தண்ணீர் மட்டும் 46 டன். முகப்புப் பலகையை வெளியே தள்ளும் விசை சுமார் 19 டன். செயற்கை உப்பு லிட்டருக்கு 36 கிராம் என்று போட்டால் ஒரு முறை நிரப்புவதற்கே 1,600 கிலோவுக்கு மேல் ஆகிறது.

இந்தக் கணக்கை முதல் கூட்டத்திலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும். "அண்ணா, வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் மீன்கழிவால் சேரும் நைட்ரேட் தானாக இறங்கிவிடும்" என்று ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார். பத்து சதவீதம் என்றால் 4,500 லிட்டர் தண்ணீர், 160 கிலோ உப்பு, அதுவும் ஒவ்வொரு வாரமும். மூட்டை தூக்குபவர்கள் பட்டியலில் அவர் பெயரை அப்போதே எழுதிக்கொண்டேன். நல்ல பையன், கடைசிவரை தூக்கினான்.

யாருக்கு எந்த வேலை

வருகிறவர்களிடம் "என்ன மீன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். "இரவில் மின்சாரம் போனால் உங்கள் தொட்டியில் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு கீழே இறங்கும், எந்தப் பம்ப் முதலில் ஓட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் குழாய்ப் பக்கத்துக்கு. பரிசோதனைக் குறிப்பேட்டைப் பல ஆண்டுகளாக எழுதிவருபவர் தண்ணீர்ப் பக்கத்துக்கு. படம் மட்டும் காட்டுபவரைப் பார்வையாளர் பக்கத்துக்கு அனுப்பலாம். அங்கும் ஆள் தேவைதான்.

அந்த இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பராமரிப்பு ஊழியர்களை ஓரங்கட்டிவிடாதீர்கள். நாம் போன பிறகும் அந்தத் தொட்டியோடு இருக்கப்போகிறவர்கள் அவர்கள். எந்த முடிவையும் அவர்கள் எதிரில் எடுங்கள். இரவுக் காவலாளிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பம்ப் நின்றால் அறையின் ஓசை எப்படி மாறும், யாரை அழைப்பது, எந்தப் பொத்தானைத் தொடவே கூடாது என்ற மூன்றும் அவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

உயிர்களை வெளியே எடுத்தல்

வட்டமான பெரிய தற்காலிகத் தொட்டிகளை முன்கூட்டியே அமைத்து, பழைய வடிகட்டிப் பொருளில் ஒரு பங்கை அவற்றுக்கு மாற்றி ஓடவிடுங்கள். நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அந்தப் பொருளில்தான் குடியிருக்கின்றன. அது காய்ந்தால் அவையும் போய்விடும். பிடிப்பதற்கு முந்தைய நாள் மீன்களுக்கு இரை போட வேண்டாம். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிஞ்சும்வரை இறக்கிவிட்டுப் பிடியுங்கள். முள்ளுள்ள மீன்கள் வலையில் சிக்கிக்கொள்ளும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டியில் ஒதுக்கி அள்ளுவதே மேல். விலாங்கு இனங்களுக்கு இறுக்கமான மூடி தேவை. சுறா, திருக்கை போன்றவற்றை ஆர்வலர்கள் தொட வேண்டாம். கால்நடை மருத்துவரும் பழகிய ஊழியர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.

தற்காலிகத் தொட்டிகளில் மீன்கழிவால் உண்டாகும் அம்மோனியாவைத் தினமும் அளக்க வேண்டும். கடல்நீரின் பிஎச் 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், அதே அளவு அம்மோனியா பெரும்பாலான நன்னீர்த் தொட்டிகளில் செய்வதைவிட இங்கே அதிகக் கேடு செய்யும்.

மனிதர்களுக்கான எச்சரிக்கைகளில் ஒன்றைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். பழைய பாறைகளில் பழுப்புப் பொத்தான்களைப்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் பாலித்தோவா என்ற பவள உறவினங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பாறையைச் சுத்தமாக்க வேகவைப்பது, வெந்நீர் ஊற்றுவது, அழுத்தத் தண்ணீர் பீய்ச்சுவது ஆகிய மூன்றையும் தடைசெய்துவிடுங்கள். நஞ்சு நீர்த்திவலைகளோடு மூச்சில் ஏறும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் எவரும் பாறையைத் தொடக் கூடாது. கையில் வெட்டுக்காயம் உள்ளவருக்கு அன்று உலர்ந்த வேலை கொடுங்கள். சிங்கமீன் குத்திவிட்டால், தோல் வெந்துவிடாமல் தாங்கும் சூட்டில், 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாத வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்திக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அடிமணல் ஆழமாக இருந்தால் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மீன்கள் எல்லாம் வெளியேறிய பிறகே மணலில் கை வையுங்கள். காற்றோட்டம் இல்லாமல், மேலே ஒருவர் நின்று கவனிக்காமல், யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு மருந்து போட்டதாகப் பதிவேட்டில் இருந்தால், பவளமோ இறாலோ வைக்கும் எண்ணத்தோடு பழைய மணலையும் பாறையையும் மறுபடி உள்ளே போடாதீர்கள். சுண்ணாம்புத்தன்மையுள்ள பொருள் செம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பின்னால் கசியவிடும். முதுகெலும்பற்ற உயிர்களுக்கு அது ஆகாது.

முகப்பு

கண்ணாடியா அக்ரிலிக்கா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அக்ரிலிக் என்றால் அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பானும் சாராயமும் அசிட்டோனும் அருகில் வரக் கூடாது. மெல்லிய விரிசல்கள் ஓடிவிடும். கீறலை ஈரமான உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். கீறலின் ஆழத்துக்கேற்ற எண்ணில் தொடங்கி, படிப்படியாக மென்மையான தாளுக்குப் போய், கடைசியில் மெருகுப் பசை. ஒரு படியைத் தாண்டினால், முந்தைய தாளின் கோடுகள் விளக்கு வெளிச்சத்தில் அப்படியே தெரியும். கீறல் இருந்த புள்ளியை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழுந்து மீனின் முகம் கோணலாகத் தெரியும். சுற்றிலும் அகலமாகத் தேய்க்க வேண்டும். பொறுமைசாலிகளுக்கு ஏற்ற வேலை, ஒரே நாளில் முடியாது.

சிலிக்கான் இணைப்புகளில் ஒட்டுப்போட வேண்டாம். புதிய சிலிக்கான் பழைய சிலிக்கானோடு ஒட்டாது. முழுவதும் சுரண்டியெடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும். 19 டன்னைத் தாங்கும் முக்கிய இணைப்பு என்றால், அந்தத் தொழில் தெரிந்த நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பின்னறை

இனி என் இடம். பெரிய தொட்டிகள் பெரும்பாலும் நோயால் சாவதில்லை. பின்னறையில் எந்த வால்வு எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாததால் சாகின்றன.

பழைய குழாய்களைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து படம் வரையுங்கள். எங்கும் போகாத குழாய்கள் இரண்டேனும் அகப்படும். புதிதாகப் போடும்போது ஒவ்வொரு பம்புக்கும் முன்னும் பின்னும் ஒரு வால்வு, ஒரு யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு). பம்பைக் கழற்ற யாரும் ரம்பம் எடுக்கக் கூடாது. முக்கியப் பம்புகள் இரட்டையாக இருக்கட்டும். பிவிசி இணைப்புகளைப் பசை போட்ட பின் ஒரு முழு நாள் காயவிடுங்கள். ஒவ்வொரு வால்விலும் எண்ணிட்ட தகடு, சுவரில் அதே எண்களோடு வரைபடம். தகட்டைக் கட்டுவதற்குக் கம்பி வேண்டாம், பிளாஸ்டிக் பட்டி. உப்புக்காற்று சாதாரணத் துருவேறா எஃகையும் தின்றுவிடும்.

மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பாதுகாப்புக் கருவி ஒவ்வொரு சுற்றிலும் தேவை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று வைத்தால், ஒரு சூடேற்றி பழுதானதும் மொத்தத் தொட்டியும் நின்றுபோகும். கம்பிகள் செருகிக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

அடுத்து, கீழ்த்தொட்டிக் கணக்கு. மேலிருந்து வழியும் தண்ணீரை வாங்கி, பம்ப் வழியாகத் திரும்பு குழாயில் மேலே அனுப்பும் தொட்டி அது. மின்சாரம் நின்றதும் மேல்தொட்டியின் தண்ணீர் திரும்பு குழாயின் வாய்மட்டம்வரை கீழே வடியும். நம் தொட்டியின் நீர்ப்பரப்பு 18 சதுரமீட்டர். மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 180 லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் என்றால் 900 லிட்டர். அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும் வெற்றிடம் கீழ்த்தொட்டியில் எப்போதும் இருக்க வேண்டும். திரும்பு குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளையிட்டால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுபடும். அந்தத் துளையைப் பாசி அடைத்துவிடும் என்பதால், அதைக் குத்திச் சுத்தம் செய்வது மாத வேலைப் பட்டியலில் வர வேண்டும். ஒருவழி வால்வை நம்பி இந்தத் துளையை விட்டுவிடலாம் என்று சொல்பவர் உண்டு. ஒரு நத்தை ஓடு போதும், அந்த வால்வு மூடாமல் நிற்க.

எல்லாம் முடிந்ததும் உப்பில்லாத தண்ணீரைக் கால்பங்கு கால்பங்காக நிரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் இணைப்புகளைக் காகிதத்தால் துடைத்து ஈரம் பாருங்கள். நிறைந்ததும் மூன்று நாள் விடுங்கள். பிறகு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க முதன்மை மின்விசையை அணையுங்கள். தரை உலர்ந்திருந்தால் தேநீருக்குப் போகலாம்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் அல்லது குளோரமின் இருக்கும். கார்பன் வடிகட்டி வழியாகவோ ஆர்.ஓ. வழியாகவோ எடுத்துக்கொள்ளுங்கள். உப்பைத் தனிக் கலனில், ஓடும் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டு ஒரு நாள் சுழலவிடுங்கள். இலக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. 25 பாகையில் ஒப்படர்த்தி 1.026ஐ ஒட்டி வரும்.

ஆர்வலர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கருவியோடு வருவார்கள். ஒவ்வொன்றும் ஓர் எண்ணைக் காட்டும். பிற்பகல் முழுவதும் சண்டை நடக்கும். தொட்டிக்கென்று ஒரே கருவி, அதைச் சரிபார்க்க 35 பங்கு உப்புள்ள அளவைத் திரவம், ஒரே குறிப்பேடு என்று முடித்துவிடுங்கள். சொந்தக் கருவிகள் பையிலேயே இருக்கட்டும்.

பிறகு காத்திருப்பு. அம்மோனியம் குளோரைடு போட்டு அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கொண்டுவாருங்கள். அது முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறும். போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகும்வரை தொட்டி ஆயத்தமாகவில்லை. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். உயிரோடு காப்பாற்றிய பழைய வடிகட்டிப் பொருள் இருந்தால் குறையும். நிர்வாகம் அவசரப்படுத்துவது இந்த வாரங்களில்தான். குறிப்பேட்டைக் காட்டுங்கள், வாதாடாதீர்கள்.

வெளியே எடுத்த மீன்களில் வெண்புள்ளி நோய் இருந்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பாறையோடும் மணலோடும் ஒட்டிவரும் ஒட்டுண்ணி மீனில்லாமல் அழிய 76 நாள் விடுவது வளர்ப்பவர்களிடையே நிலைத்த வழக்கம். அதுவரை மீன்களுக்குத் தனித்தொட்டியில் சிகிச்சை நடக்கட்டும்.

அன்பளிப்புகள்

தொட்டி தெளிந்ததும் அன்பளிப்புகள் வரத்தொடங்கும். வீட்டுத்தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட மீன், மற்றவற்றைக் கடிக்கும் மீன், அலுத்துப்போன பவளம். மனம் நோகாமல் மறுக்க ஒரே வழி, விதியை முன்பே எழுதி ஒட்டிவிடுவது: பட்டியலில் இல்லாத இனம் வாங்கப்படாது, எதுவானாலும் தனித்தொட்டியில் குறைந்தது 30 நாள், கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. கல்பவளங்கள் அனைத்தும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், எல்லை தாண்டி வந்தவற்றுக்குத் தாள்கள் கேளுங்கள். சில மீன்களை மட்டும் முதலில் விட்டு, அம்மோனியா அசையவில்லை என்று கண்ட பிறகே அடுத்தவை.

திறப்பு நாளைக் குறிப்பதற்கு முன் முறைவைப்புத் தாளை நிரப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் போதாமல் பெயர்கள் வரும்; புதன்கிழமைக் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். ஸ்கிம்மர் (நுரையாகக் கழிவைப் பிரிக்கும் கருவி) கோப்பை கழுவுவது, நீர்மட்டம் நிரப்புவது, காற்றுத்துளை குத்துவது, உப்பு அளவு எழுதுவது ஆகிய நான்குக்கும் ஆறு மாதத்துக்குப் பெயர் வேண்டும், மாற்று ஆளின் பெயரும் வேண்டும். புதன் நிரம்பாவிட்டால், அந்த நாளைச் சம்பள ஊழியரின் பணியில் சேர்க்க நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் திறப்பைத் தள்ளிப்போடுங்கள்.